ஒற்றைக் கைப் பின்னல்

"இழுக்காதீங்க, வலிக்குது."

"இழுக்காம எப்படிக் கட்டறது? ஒரு பக்கம் புடிச்சா இன்னொரு பக்கம் வழுக்கிக்கினு ஓடுது. என்னாத்தத் தடவி வச்சிருக்கே தலையில?"

"நேத்து எண்ணெய் தேய்ச்சு வுட்டது நீங்கதானே? எருமைக்கு ஊத்தற மாதிரி ஊத்தினீங்க. இப்ப என்னைக் கேட்டா?"

திம்மப்பன் சீப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் மனைவியின் கூந்தலைச் சேர்த்துப் பிடித்தார். பாகலூருக்குப் பக்கத்தில், காட்டோடு காடாக நிற்கிற ஒற்றை வீடு. அக்கம் பக்கத்தில் கூப்பிட ஒரு பெண்பிள்ளை கிடையாது. தை மாசத்துப் பனி இன்னும் விலகவில்லை. வண்டியில் மாடு பூட்டியாயிற்று. சென்னம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது கை, முழங்கையிலிருந்து விரல் கணுவரை மூங்கில் பத்தைகளுக்குள் கட்டுண்டு மடிமேல் கிடந்தது. கேழ்வரகுப் போரிலிருந்து சறுக்கி விழுந்து பதினைந்து நாளாகிறது. ஒன்றரை மாசம் கட்டைப் பிரிக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

"மொத்தமாப் புடிச்சு ஒரு சுத்து சுத்தி, நுனிய உள்ள வுட்டு இழுங்க. அவ்வளவுதான் கொண்டை. இதுக்கு என்னமோ பெரிய வேலை மாதிரி..."

"எந்தப் பக்கமாச் சுத்தறது?"

சென்னம்மாள் இடது கையைத் தூக்கிக் காற்றில் சுற்றிப் பார்த்தாள். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? விவரம் தெரிந்த நாளிலிருந்து போடுகிற கொண்டை. இடுப்பில் குடத்தோடு நடந்துகொண்டே போட்டிருக்கிறாள், அரைத் தூக்கத்தில் போட்டிருக்கிறாள். ஒரு நாளும் யோசித்ததில்லை. கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை.

"ஏதோ ஒரு பக்கம் சுத்துங்களேன்."

சுற்றினார். அவள் எழுந்து நின்றதும் கொண்டை பொத்தென்று முதுகில் விழுந்தது. மூன்று தடவை அப்படியே ஆயிற்று. கடைசியில் திம்மப்பன் வாழை நாரைக் கிழித்து, பிடரியில் இறுக்கி ஒரே கட்டாகக் கட்டிவிட்டார்.

"குதிரை வாலு மாதிரித் தொங்குதே!"

"உன் முதுகு உனக்குத் தெரியவா போவுது? பின்னால வர்றவன்தான் பாக்கணும். ஏறு வண்டியில."

முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினாள். தன் தலை எப்படிப் போனாலும் அவளுக்குக் கவலையில்லை. கவலை இன்னொரு தலையைப் பற்றி.

ஜூஜுவாடியில் அவளுடைய தம்பி எல்லப்பன் மகளுக்கு இன்றைக்குக் கல்யாணம். அவர்கள் வீட்டு வழக்கப்படி மணப்பெண்ணின் தலையை அத்தைதான் பின்னிச் சுருட்டிக் கொண்டை போடவேண்டும். தாலி முடிச்சு விழுகிற நேரத்தில் பிடரியில் ஒரு மயிரும் தொங்கக்கூடாது. அதுதான் அத்தையின் வேலை, அத்தையின் உரிமை. ஐந்து வருஷத்துக்கு முன்னால், அந்தப் பெண் முனிலட்சுமி பெரியவளானபோது, மஞ்சள் நீராட்டுக்குத் தலை பின்ன உட்கார்ந்தாள் சென்னம்மாள். தம்பி பெண்டாட்டி மாரம்மா, கூடியிருந்தவர்கள் நடுவில், "புள்ளை பெறாத கை, நல்ல காரியத்துக்கு வேணாம் அண்ணி" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு எழுந்து வந்தவள்தான் சென்னம்மாள். அதற்குப்பின் அந்த வீட்டுப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. போன மாசம் எல்லப்பனே நடந்து வந்து, வெற்றிலைத் தட்டோடு வாசலில் நின்றான். "உன் கைதான்க்கா வேணும். வேற யாரு கையும் வேணாம்" என்றான். அந்தக் கைதான் இப்போது மடியில் கிடக்கிறது.

"போயி என்னா பண்ணப்போறே?" என்று திம்மப்பன் வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டார்.

"தெரியல."

"கை ஒடிஞ்சிருக்குன்னு சொல்லி அனுப்பிட்டோமே. அவங்க வேற ஏற்பாடு பண்ணியிருப்பாங்க."

"பண்ணியிருப்பா. அதான் பயமா இருக்கு."

ஜூஜுவாடியில் பந்தல் நிறைய ஜனம். மாப்பிள்ளையின் ஊர் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்திப்பள்ளி. அவர்கள் ஆட்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். சென்னம்மாள் உள்ளறைக்குள் நுழைந்தாள். ஈரக் கூந்தலை முதுகில் பரப்பிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தாள் முனிலட்சுமி. பக்கத்தில் மாரம்மா.

"வாங்க அண்ணி" என்றாள் மாரம்மா. கண் நேராகக் கட்டுக்குத்தான் போயிற்று. "ரொம்ப வலியா?"

"வலியெல்லாம் இல்ல."

"அத்தெ, எங்க போயிட்டே நீ? எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன்" என்றாள் பெண். நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தவள்போல.

அந்த ஒரு வார்த்தைக்குச் சென்னம்மாள் அவள் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். சீப்பை இடது கையில் எடுத்தாள்.

"அண்ணி, ஒத்தக் கையில எப்படி? நீங்க சொல்லுங்க, நான் பின்றேன்."

"சொல்லத் தெரியாதும்மா. பின்னத்தான் தெரியும்."

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். கூந்தலை மூன்று கால்களாகப் பிரிப்பதுவரைக்கும் சரியாக வந்தது. பின்னத் தொடங்கினால், ஒரு கால் பிடிக்க மற்ற இரண்டும் நழுவின. முனிலட்சுமி தலையைத் திருப்பாமலே தன் இரண்டு கைகளையும் பின்னால் கொடுத்தாள்.

"இதக் குடு அத்தெ, நான் புடிச்சிக்கறேன். நீ மேல போடு."

சடையின் இடது காலை நடுவில் போட்டாள் சென்னம்மாள். பெண் விரல் மாற்றிப் பிடித்தாள். வலது காலை நடுவில் போட்டாள். மறுபடி விரல் மாறியது. ஒருவர் விரலை ஒருவர் தேடித் தேடி, ஐந்தாறு பின்னல் விழுந்தது. சென்னம்மாளுக்கு மூச்சு வந்தது.

"பாருங்கடி, ஏர் பூட்டற மாதிரி ரெண்டு பேரு சேந்து ஒரு சடை!"

"இந்தப் போக்குல போனா தாலி நாளைக்குத்தான்."

"சும்மா இருங்கடி" என்றாள் முனிலட்சுமி. அவளுக்குத் தோள் வலிக்க ஆரம்பித்திருந்தது. கை இறங்க இறங்கப் பின்னல் தொளதொளத்தது. வளையலில் மயிர் மாட்டி இழுத்தது. "அய்யோ" என்று அவள் கையை எடுத்தாள். பின்னல் நடுவில் வாயைப் பிளந்துகொண்டது. சென்னம்மாள் அதைப் பத்தைக் கட்டால் அழுத்திப் பிடிக்கப் பார்த்தாள். மூங்கில் முனை பெண்ணின் கழுத்தில் கீறிச் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

வெளியிலிருந்து, "பேக பன்னி, பேக பன்னி" என்று, சீக்கிரம் வரச்சொல்லி மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் கன்னடத்தில் அவசரப்படுத்தினார்.

"அண்ணி" என்றாள் மாரம்மா. குரல் கடுமையாக இல்லை. கடுமையாக இருந்திருந்தால் சென்னம்மாளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நேரமாச்சு. தப்பா நெனைக்காதீங்க."

சென்னம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்த ஐந்தாறு பின்னலையும் மாரம்மா ஒரே இழுப்பில் பிரித்துவிட்டாள். பிறகு அவள் விரல்கள் ஓடின. மேலே, கீழே, மேலே, கீழே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சடை இடுப்புவரை இறங்கியது. பிறகு அது சுருண்டு ஏறிப் பிடரிக்கு மேலே வட்டமாக உட்கார்ந்தது. ஒரு குற்றமாவது கண்ணில் படுமா என்று பார்த்தாள் சென்னம்மாள். ஒன்றும் இல்லை. மல்லிகைச் சரத்தைச் சுற்றிவிட்டு, கொண்டை ஊசிகளைப் பல்லில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகச் செருகத் தொடங்கினாள் மாரம்மா.

அப்போதுதான் எல்லப்பன் வாசலில் வந்து நின்றான்.

"ஆச்சா?"

மகளுடைய கொண்டையைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காளைப் பார்த்தான். அவள் மடியில் சீப்பு கிடந்தது.

"அக்கா... ஒத்தக் கையிலயா?"

மாரம்மா அடுத்த ஊசியைச் செருகினாள்.

"அம்மா உனக்குப் போட்டு வுடுவாளே, அதே மாதிரி இருக்குதுக்கா." துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீ வருவியோ மாட்டியோன்னு இருந்தேன். வந்து இந்தக் கையோட..."

இல்லைடா, நான் போடவில்லை என்று சொல்லத்தான் சென்னம்மாள் வாயைத் திறந்தாள். சொன்னால் அவன் முகம் என்ன ஆகும் என்று தெரிந்தது. அத்தனை பெண்கள் முன்னால் தன் முகம் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. மாரம்மாவைப் பார்த்தாள். மாரம்மா பல்லிலிருந்த கடைசி ஊசியை எடுத்துக் கொண்டையில் செருகினாள்.

"உங்கக்காதான். வேற யாரு போடுவா? போயி மாப்பிள்ளை வூட்டாரக் கவனிங்க."

எல்லப்பன் போனான். பந்தலில் யாரிடமோ, "எங்கக்கா கை வேலைப்பா!" என்று அவன் சொல்வது உள்ளே கேட்டது.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்று சென்னம்மாள் தணிந்த குரலில் கேட்டாள்.

"அவரு நாலு நாளா அக்கா கை, அக்கா கைன்னு இதே பேச்சு. நல்ல நாள் அதுவுமா எதுக்கு?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீங்க என்னா சொல்லியிருப்பீங்க?"

ஐந்து வருஷமாக மாரம்மாவைத் திட்டுவதற்குச் சென்னம்மாளிடம் ஒரு காரணம் இருந்தது. இப்போது அதுவும் கையைவிட்டுப் போயிற்று. முனிலட்சுமி திரும்பி அத்தையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். அவள் பிடரியில் அந்தச் சிவப்புக் கோடு மட்டும் தெரிந்தது. மாரம்மா அதன்மேல் மஞ்சளைத் தொட்டு வைத்து மறைத்தாள்.

பந்தலில் அத்தையை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அட்சதைத் தட்டு வந்தது. சென்னம்மாள் இடது கையால் ஒரு பிடி எடுத்துவிட்டாள். எடுத்தபிறகுதான் நினைவு வந்தது, இடது கையால் போடக்கூடாதே. மேளம் உச்சத்துக்கு ஏறியது. வலது கையின் பத்தைக்கு வெளியே விரல் நுனிகள் நான்கு தெரிந்தன. அரிசியை அவற்றின்மேல் கொட்டிக் கட்டோடு கையைத் தூக்கினாள். தோள்வரை வலி ஏறியது. கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. அரிசி அவள் காலடியிலேயே சிந்தியது. மற்றவர்கள் போட்ட அட்சதை பெண்ணின் கொண்டைமேலும் மல்லிகைமேலும் மழையாக விழுந்தது.

பக்கத்தில் நின்ற அத்திப்பள்ளிக்காரி ஒருத்தி அவள் முழங்கையைத் தொட்டாள்.

"கொண்டை ரொம்ப சென்னாகி, ரொம்ப அழகா இருக்குதும்மா. நீங்கதான் போட்டீங்களாமே?"

"ஆமா" என்றாள் சென்னம்மாள்.