ஜானு மீனின் பெயரைச் சொல்லவில்லை

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் ஒருத்தி, தோழியின் மடியில் கிடந்த தன் குழந்தையின் முகத்துக்கு நேரே ஒரு மீனைத் தூக்கிப் பிடித்து, "இது இன்னா மீனு? சொல்லு கண்ணு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போகிறவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன்.

ஏன் கேட்டாள்? அவளிடம் விசாரிக்கத் துணிவில்லை. வீட்டுக்கு வந்து கதையிடம் விசாரிக்கிறேன். பெயர்கள் நான் வைத்தவை.

2

சாந்தோம் கடற்கரையில் அன்று அலைகள் சினந்து—

[அலைகளுக்கு இதில் பங்கில்லை. அடித்துவிட்டேன்.]

கடலிலிருந்து திரும்பியதும் கட்டுமரத்தை அவிழ்த்து, கட்டைகளை மணலில் காயப்போடுவது அந்தக் குப்பத்துப் பெரியவர்கள் வழக்கம். அவற்றின்மேல் ஏறிக் குதிப்பது பிள்ளைகள் வழக்கம். நாலு வயது ஜானு அன்று காலை குதிக்கும்போது வழுக்கி, பின்மண்டை கட்டையில் மோத விழுந்தாள். ரத்தமில்லை, எலுமிச்சங்காய்போல ஒரு வீக்கம். அழவுமில்லை. சற்று நேரம் வானத்தைப் பார்த்தபடி கிடந்தாள். "தைரியசாலிப் பொண்ணு!" என்று மெச்சினார்கள்.

பக்கத்துக் குடிசை வேலம்மா ஓடிவந்து உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை அடுத்தடுத்து இரண்டு முறை வாந்தி எடுத்தது.

"பாத்தியா, திருஷ்டி கயிஞ்சி வெளிய வந்துச்சு!"*

ஜானுவின் தாய் தேசம்மா, மீன் கூடையைத் தலையில் ஏற்றப் போனவள், நின்றாள். "இது ரெண்டாவது தபாக்கா."

"அப்ப ரெண்டு பேரு கண்ணு பட்டுக்கீது!"

* (வேலம்மாவைப் பார்த்து நகைக்காதீர்கள். வாந்தி வந்தால் கண்ணேறு கழிந்தது என்று அந்தக் குப்பமே நம்பியது. மிளகாய் சுற்றிய கை அன்புள்ள கை. அடிபட்ட தலை சொல்லும் சேதிதான் அந்தக் கைக்குப் புரியவில்லை.)

3

தேசம்மாவை எனக்கு இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை. இது திருஷ்டியில்லை என்று அவளுக்கு மட்டும் எப்படித் தோன்றியது? யாரோ ஒரு நர்ஸ் முன்பே சொல்லிக்கொடுத்ததாக எழுதிப் பார்த்தேன். பொய்யாகப் பட்டது. மாதா கனவில் வந்து—

[தாய்க்குக் கண்ணைக் கொடுத்தாளே, அதுவே மாதா செய்த உதவி. கனவு வேண்டாம்.]

மூன்றாவதாக எழுதியது நிற்கிறது. தினமும் கூடையில் மீன் அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஜானுதான் பெயர் கூவுவாள். யாராவது சீலாவை வஞ்சிரம் என்றுவிட்டால் சண்டைக்கு வருவாள். அதனால் தேசம்மா ஒரு சங்கராவை எடுத்து நீட்டினாள்.

"இது இன்னா மீனு?"

சுவரைப் பார்ப்பதுபோல ஜானு மீனைப் பார்த்தாள். கண் சொருகியது. தூக்கி நிறுத்தினால் கால் பின்னியது.

"கொயந்தைக்குத் தூக்கம் வருது. வுடேன்," என்றாள் வேலம்மா.

"கட்டிப் போட்டாலும் பகல்ல தூங்குற பொண்ணா இது? நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"கூடை?"

"நாறட்டும்."

(ஒரு வரைவில் தேசம்மா மயிலாப்பூருக்குப் போய் மீனை விற்றுவிட்டே திரும்பினாள். திரும்பியவள் குடிசைக்குள் நுழையும் இடத்தை என்னால் எழுத முடியவில்லை. கிழித்துவிட்டேன்.)

4

வேலம்மா திட்டிக்கொண்டே கூட வந்தாள். "சொன்னா கேக்க மாட்ட. குடு இப்டி" என்று குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தருகே வேலம்மா கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தேசம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். இரண்டு விண்ணப்பமும் ஒரே சந்நிதிக்குத்தான் போயிருக்கும் என்பது என் நம்பிக்கை.

குளம் தாண்டியதும் ஜானு மறுபடி வாந்தி எடுத்தாள். வேலம்மாவின் சேலை நனைந்தது. இந்தத் தடவை அவள் திருஷ்டி என்று சொல்லவில்லை. ஓடத் தொடங்கினாள்.

வேப்பமரத்தடியில் காத்திருந்தபோது, மடியில் முடிந்துவந்த சங்கராவைத் தேசம்மா மறுபடியும் எடுத்தாள். நான் பார்த்தது அதைத்தான்.

5

"விழுந்ததும் அழுதாளா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல சாமி. வாந்தி மட்டும் எடுத்துக்கினே கீது."

கண்ணருகே விளக்கைக் காட்டி, இரண்டு பாவையும் ஒன்றுபோலச் சுருங்குகின்றனவா என்று பார்த்தார். "மூளை குலுங்கியிருக்கு. இங்கேயே இருக்கட்டும். தூங்கலாம், ஆனா அடிக்கடி எழுப்பிப் பாருங்க. எழுந்திருக்கலேன்னா உடனே என்னைக் கூப்பிடணும்."

தேசம்மா ஜானுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இமை பாதி திறந்து மூடியது. குரல் கம்மியதும் வேலம்மா கூப்பிட்டாள். அடுத்த கட்டிலில் மகனை வைத்திருந்த அஸ்மத்துன்னிசா எழுந்து வந்தாள். "நீ போய்க் கஞ்சி குடிம்மா. அது வரைக்கும் நான் கூப்டுறேன்." முன்பின் அறியாத பிள்ளையை, கன்னத்தைத் தட்டித் தட்டி, அவளும் கூப்பிட்டாள்.

6

ஜானு எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டதாக ஒரு முடிவு எழுதினேன். இன்னொரு முடிவும் எழுதினேன். அதை உங்களுக்குக் காட்டமாட்டேன். இரண்டில் எது என்று தீர்மானிப்பது ஆண்டவன் காரியம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மூன்று பெண்களும் களைத்துப்போயிருக்கிறார்கள். மறுபடி எழுப்பவேண்டிய நேரம் வந்துவிட்டது. குழந்தையின் இமை மூடியிருக்கிறது.

இனி உங்கள் முறை. அவள் பெயர்தான் தெரியுமே. கொஞ்சம் உரக்கவே கூப்பிடுங்கள்.