வாத்துக்குப் போன சோறு

வாத்துக் குஞ்சு வளர்ப்பதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. இதைத் தலைக்கனம் என்று எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும். எஹலியகொடை டவுனில் குஞ்சு விற்கும் ரிஸ்னாவிடம் ஆறு குஞ்சுகளை வாங்கி, அட்டைப் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். "ரப்பர் பால் வெட்டப் போறவளுக்கு எதுக்கு இந்த வேல?" என்று கேட்டவர்கள்தான் பிறகு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். இவை தாரா என்கிற சின்ன வாத்து இல்லை. சிங்களத்தில் பாத்தயா என்பார்களே, அந்தப் பெரிய வாத்து. வளர்ந்தபின் தெரியாத ஆள் வாசலில் காலை வைத்தால் தோட்டமே எழும்பும்படி கத்தும்.

ஆரம்பத்தில் சீமெந்துத் தரை வழுக்கி இரண்டு குஞ்சுகளுக்குக் கால் விரிந்துபோனது. சாக்கை விரித்து, கால்களைத் துணி நாடாவால் அளவாகச் சேர்த்துக் கட்டினேன். நடந்தன. இன்னொன்று கால் மூட்டு வீங்கி உட்கார்ந்தே கிடந்தது. கோழிக் குஞ்சுத் தீனியில் வாத்துக்கு வேண்டிய சத்துப் போதாது என்று ரிஸ்னா போனில் சொன்னாள். பி விட்டமின் குளிசையைத் தண்ணீரில் கரைத்து வைத்தேன். அதுவும் எழும்பியது. அன்றைக்கு நான் லயத்தில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

குஞ்சுகளை மேய்ப்பவர் என் மாமனார் தம்பையா. என் வீட்டுக்காரர் சுரேந்திரன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, மாதம் ஒரு தரம் வருவார். போன வருடம் மாமி இறந்தபின் மாமா சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். குளிக்கச் சொன்னால் குளிப்பார், தின்னச் சொன்னால் நாலு வாய் தின்பார், பிறகு பழையபடி சுவர். "நான் வெட்டப் போனா இதுகள யாரு மாமா பாக்குறது?" என்று ஒருநாள் பெட்டியை அவர் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனேன். மத்தியானம் திரும்பி வந்தபோது மனுஷன் ஒரு குச்சியோடு வெளியே நின்றார். அவரை எழுப்பியது நானில்லை, அந்தக் குஞ்சுகள்தான்.

சிறகு முளைக்கும் பருவம் வந்தது. ஒருநாள் மாலை மூன்று குஞ்சுகளுக்குச் சிறகின் நுனி உடம்போடு ஒட்டாமல் வெளியே திரும்பி நிற்பதைக் கண்டேன். மழையில் மடங்கிய குடைக் கம்பி போல இருந்தது. படம் பிடித்து ரிஸ்னாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"என்ன தீன் குடுக்குறீங்க?"

"தீன் எல்லாம் கொறச்சிட்டேன். முழு நாளும் புல்லுதான்."

"இல்ல, ஆரோ நல்லாச் சோறு, பாண் எல்லாம் குடுக்குறாங்க. தீன் கூடினா சிறகு அவசரமா வளரும், அந்தப் பாரத்த இந்தச் சின்ன எலும்பு தாங்காது. இப்பவே நிப்பாட்டி, சிறக மடிச்சிக் கட்டுங்க. கொஞ்ச நாள் போனா எலும்பு முத்திரும். பொறகு ஒண்ணுஞ் செய்ய ஏலாது."

பேக்கரிப் பாணைப் பிய்த்துப் போடுவது லயத்துப் பிள்ளைகள்தான் என்று முடிவு கட்டினேன். காலையில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் நின்று, கேட்கவேண்டிய காதுக்கும் கேட்கவேண்டாத காதுக்கும் சேர்த்துக் கத்தினேன். "என் வாத்துக்கு யாராச்சும் பாணு போட்டா, அடுத்த நேரம் அவுங்க வீட்டுல பாணு இருக்காது!" குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். எதிர்த்துக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தனை பேரும் குற்றமற்றவர்கள்.

அடுத்த நாள் விடியும்போதே மழை. மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. பாதி வழியிலேயே திரும்பினேன். எங்கள் காம்பரா அறைக்கு முன்னால், இஸ்தோப்புத் திண்ணையில், மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கென்று மூடி வைத்துவிட்டுப் போன சோறும் பருப்பும் தட்டோடு குஞ்சுகளுக்கு நடுவில் இருந்தன. கருவாட்டைக்கூட முள் எடுத்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் இடுப்புச் சாரத்தை இப்போதெல்லாம் இரண்டு மடிப்பு அதிகமாகச் சுற்றிக் கட்டுவதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. குஞ்சுகள் கொழுக்க, மனுஷன் வற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா! இதுகளுக்கு அது சோறு இல்ல, வெஷம்!"

"சோத்தப் போயி வெஷம்ங்காத, தாயி."

"றெக்கையப் பாருங்க! எல்லாம் நீங்க பண்ணுனது! நாளையிலருந்து நீங்க இதுகளோட போக வேணாம்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவர் எழுந்து உள்ளே போனார். மறுநாள் நான் வேலைக்குப் புறப்படும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மத்தியானம் வந்தபோதும் அதே சுவர். கூட்டில் அடைத்த குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. பயந்துவிட்டேன். குஞ்சின் சிறகையும் காப்பாற்ற வேண்டும், இந்த மனுஷனையும் காப்பாற்ற வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்க எனக்குச் சம்மதமில்லை.

கட்டிலில் அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"ஏன் மாமா ஒங்க சோத்தப் போட்டீங்க?"

சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"எழுபத்துநாலு பஞ்சத்துல எனக்கு ஒரு தம்பி இருந்தான். கன்னையா. மூணு வயசு. யாரு சாப்பிட்டாலும் தட்டுக்கு முன்னால வந்து நிப்பான். கேக்க மாட்டான், பாத்துக்கிட்டே நிப்பான். நான் குடுத்தேன் தாயி. எனக்கு வச்சதக் குடுத்துக்கிட்டேதான் இருந்தேன். பத்தல." மூச்சு வாங்கினார். "அப்ப நாங்க புல்லையும் எலையையும் அவிச்சித்தான் தின்னோம். வேற நாதியில்லாதவந்தான் புல்லு திம்பான். இதுகளும் நாள் முழுக்கப் புல்லத் தின்னுட்டு, வந்து என் தட்டப் பாத்துக்கிட்டு நிக்கிதுங்க. நான் எப்படிச் சாப்பிடுறது?"

விட்டமினும் எலும்பும் இந்த மனுஷனிடம் பேசி வேலைக்கு ஆகாது என்பது எனக்கு விளங்கியது. பசியை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். நிறைவையும் அவரே தொட்டுப் பார்த்தால்தான் உண்டு.

"சரி, எழும்புங்க. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. றெக்கையக் கட்டணும், புடிச்சிக்கிட ஆள் வேணும்."

வேலை என்றதும் எழுந்தார். கட்டுவதற்கு முதல் குஞ்சுகளை ரப்பர் மலைக்குக் கீழே கான் வாய்க்கால் ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனோம். மழைக்குத் தளிர்த்த புல். ஆறும் தலையை நிமிர்த்தாமல் மேய்ந்தன. பொழுது சாயும்வரை விட்டேன். பிறகு ஒன்றைத் தூக்கி அவர் மடியில் வைத்து, அவர் விரலைப் பிடித்துக் குஞ்சின் கழுத்தடியில் வைத்தேன்.

"அமுக்கிப் பாருங்க. தின்னது மொதல்ல இங்கதான் சேரும்."

அமுக்கினார். மெத்தென்று உருண்டு திரண்டிருந்தது. விரலை எடுக்காமல் தடவிக்கொண்டே இருந்தார். அடுத்ததைத் தூக்கி அமுக்கினார், அதற்கடுத்ததையும். ஆறையும் பார்த்து முடித்தபின்தான் வாயைத் திறந்தார்.

"புல்லுலயா?"

"புல்லுலதான்."

"நெறஞ்சிருக்கு," என்றார்.

அவர் பிடிக்க, நான் திரும்பிய சிறகுகளை இருக்கவேண்டிய விதமாக மடித்து, இறுக்காமல் துணிப் பட்டி சுற்றினேன். அன்றிலிருந்து பட்டியை அவ்வப்போது அவிழ்த்து, சிறகை நீட்டவிட்டு, மறுபடி கட்டுவது அவர் பொறுப்பானது. மூன்றில் இரண்டு முழுசாகச் சரியாயின. மற்றது கொஞ்சம் கோணல்தான், ஆனால் மடங்குகிறது. நான் நினைத்ததைவிட நல்ல கைப்பழக்கம் அவருக்கு. இதை நான் வெளியில் சொல்வதில்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு. பட்டி கட்டிய அன்று இரவுச் சாப்பாட்டை இஸ்தோப்பில் அவர் முன்னால் வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போகிற மாதிரிப் போய்க் கதவோரம் நின்றேன். குஞ்சுகள் பட்டியும் தாங்களுமாக வந்து தட்டைச் சுற்றி நின்றன. கழுத்தை நீட்டி, ஒரு பக்கக் கண்ணால் அவரையே பார்த்தன. அவர் சோற்றைப் பிசைந்து ஒரு உருண்டை எடுத்தார். கை அந்தப் பக்கமாகத்தான் போனது.

பாதியில் கை நின்றது. மற்றக் கையால் முன்னால் நின்ற குஞ்சின் கழுத்தடியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒனக்கு வயிறு நெறஞ்சிருக்கு சாமி," என்றார். "இது எனக்கு."

உருண்டையைத் தன் வாயில் போட்டார். அவை பார்த்துக்கொண்டே நின்றன. அவரும் அவற்றைப் பார்த்துக்கொண்டே மென்றார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தட்டை வழித்துத் தின்றார்.

பிறகு உள்பக்கம் திரும்பி, "இன்னங் கொஞ்சம் சோறு போடு தாயி," என்று கேட்டார். நான் சட்டியையே தூக்கிக்கொண்டு போனேன்.