மேல் பட்டன்

என் வீட்டுக்காரர் காலேஜ்ல என்ன பாடம் நடத்துறார் தெரியுமா? மனுஷங்க மனசை எப்படி மாத்துறதுங்கிற பாடம். ஊர்ல யார் மனசை வேணும்னாலும் மாத்திடுவார். இவர் மனசை மாத்த மட்டும் இன்னொருத்தன் பொறந்துதான் வரணும்.

வீட்டுக்குள்ளயும் சட்டையோட மேல் பட்டனைப் போட்டுக்கிட்டே திரியுறாரேன்னு பார்த்தா, கழுத்தடியில ஒரு கட்டி. அதை மறைக்கத்தான் அந்தப் பட்டன். நான் வேலை பார்க்கிறதோ ஆஸ்பத்திரியில, சீட்டு பதியுற கவுண்டர்ல. கட்டியைக் கவனிக்காம விட்டுட்டு வர்றவங்க முகத்தைத் தினமும் பார்க்கிறவ. நான் சும்மா இருப்பேனா?

"ஒரு டெஸ்ட் எடுத்துடலாம், வாங்க. முத்திப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"ன்னேன்.

"இது பயமுறுத்துற வழி. ரொம்ப பயமுறுத்தினா ஆள் காதைப் பொத்திக்குவான்"னார், பரீட்சைப் பேப்பரைத் திருத்திக்கிட்டே.

மக போன்ல அழுதா. "பாசத்தைக் காட்டி மடக்குறது"ன்னார். என் தம்பி வந்து, "எங்க ஆபீஸ்ல எல்லாருமே டெஸ்ட் பண்ணிக்கிறாங்க மாமா"ன்னான். "ஊரோட ஒத்துப்போங்கிற வழி"ன்னார். எனக்குச் சுவத்துல போய் முட்டிக்கலாம் போல இருந்தது.

அவர் பாடத்துலயே ஒண்ணு உண்டு. ஒரு விஷயத்தை ஒருத்தன் தன் வாயாலயே அடுத்தவனுக்கு எடுத்துச் சொன்னா, அவன் மனசும் அந்தப் பக்கம் சாயுமாம். சரி, உங்க மருந்தை உங்களுக்கே கொடுக்கிறேன்னு, எங்க பெரிய டாக்டரை விட்டு இவர்கிட்ட ஒரு பேச்சைப் பதிஞ்சு தரும்படி கேட்க வெச்சேன். நோயாளிங்க காத்திருக்கிற கூடத்துல போடுறதுக்கு, கட்டி இருந்தா தள்ளிப்போடாதீங்கன்னு. மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, ஃபேனை நிறுத்திட்டு, வேர்க்க விறுவிறுக்கப் போன்ல பேசிப் பதிஞ்சு கொடுத்தார்.

சும்மா சொல்லக் கூடாது, என்ன பேச்சு! ஆஸ்பத்திரியில அதைக் கேட்டுட்டு எங்க மாடியில குடியிருக்கிற டிரைவர் தன் கட்டிக்கு டெஸ்ட் எடுத்து, "ஒண்ணுமில்லைன்னுட்டாங்க சார், எல்லாம் உங்க புண்ணியம்"னு வீட்டுக்கே வந்து சொன்னார். இவர் மேல் பட்டனைச் சரிபண்ணிக்கிட்டே, "நல்ல காரியம் பண்ணீங்க"ங்கிறார்! எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

டிரைவர் அந்தப் பக்கம் போனதும், போனை இவர் முன்னாடி வெச்சு அதே பேச்சைப் போட்டேன். "முழுசா கேளுங்க. இதுக்கு என்ன பேர் வைக்கிறீங்கன்னு நானும் பார்க்கிறேன்."

பேனாவை மூடி வெச்சுட்டுக் கேட்டார். பேச்சு முடிஞ்சதும் போனை என் பக்கம் தள்ளி வெச்சார்.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. பேசுறவன்தான் சரியில்லை."

"ஏன், அவனுக்கு என்ன கேடு?"

"நம்பும்படியா இல்லை. அவனே டெஸ்டுக்குப் போகலையே. 'பயப்படாதீங்க'ங்கிற இடத்துல குரல் நடுங்குது, கேட்டியா?"

பக்கத்துல போய் உட்கார்ந்தேன்.

"எனக்கும்தாங்க பயமா இருக்கு."

இதுக்கு அவர் எந்தப் பேரும் சொல்லலை. மேல் பட்டனைக் கழட்டி, என் கையை எடுத்து அந்தக் கட்டி மேல வெச்சுக்கிட்டார். அப்புறம், "நாளைக்கு உன் கவுண்டர்ல கூட்டமா இருக்குமா?"ன்னார்.

"இருக்கும். வந்து வரிசையில நில்லுங்க"ன்னேன். அதுவும் திட்டுற மாதிரிதான் வந்தது.