ஹைருன் கேட்ட சொற்கள்

மகள் அலிமா இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாள் கிதிர் முகம்மது வேலைக்குப் போனான். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்டிரேட்டர் உத்தியோகம். தென்காசியிலிருந்து காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்புவான். அது 1963. குற்றாலத்தில் சாரல் பிடித்த வாரத்தில் பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. நாலு வயது. மூன்றே நாளில் முடிந்துவிட்டது.

அதற்கு முன்பே அமெரிக்காவில் மேல்படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தான். தை மாதம் மதராஸில் நுழைவுத் தேர்வு. தாவரவியலில் அவனுக்குப் பயமில்லை, ஆங்கிலச் சொற்களில்தான் பயம். பேச்சில் வராத, பாடத்திலும் வராத சொற்களாகப் பொறுக்கி ஒரு நீள நோட்டில் எழுதியிருந்தான். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அர்த்தமும் எதிர்ப்பதமும். தொள்ளாயிரத்துக்கு மேல் இருக்கும். பிள்ளை போனபிறகு அதைக் கட்டி மச்சில் போட்டுவிட்டான்.

வீட்டில் அவனும் மனைவி ஹைருன் பீவியும் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. எங்கே தொடங்கினாலும் பேச்சு பிள்ளையில் போய் முட்டியது, அதனால் தொடங்கவில்லை. அவள் சோறு வைப்பாள், அவன் சாப்பிடுவான்.

புரட்டாசியில் ஒரு நாள், அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்து அவன் உட்கார்ந்திருக்கையில், ஹைருன் அந்த நோட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். எட்டாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"லாசிட்யூட். அர்த்தம் சொல்லுங்க."

"அசதி," என்றான் அவன். "உடம்பு ஓஞ்சு போறது."

அவள் அடுத்த சொல்லுக்குப் போனாள்.

அன்றிலிருந்து தினமும் முப்பது சொற்கள். அவள் தவறாக உச்சரிப்பாள், அவன் திருத்துவான். திருத்தியதை அவள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள். அந்த வீட்டில் கேட்ட பேச்செல்லாம் அதுதான். பாவூர்சத்திரத்தில் காய்கறி வியாபாரம் பார்த்த அவளுடைய அண்ணன் ஒலி முகம்மது ஒருநாள் வந்து, பிள்ளை போய் நாலு மாசம் ஆகலை, புருஷனும் பொண்டாட்டியும் இங்கிலீஷ் படிக்கிறதாகத் தெருவில் பேசுகிறார்கள் என்று வருத்தப்பட்டார்.

"வேற என்னத்தப் பேச, அண்ணே?" என்று கேட்டாள் ஹைருன். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கார்த்திகையில் ஒரு மாலை 'லோகுவேஷியஸ்' வந்தது. வாயாடி என்று அர்த்தம். தெரு முழுக்க அலிமாவை அப்படித்தான் கூப்பிடும்.

"மறந்துட்டு," என்றான் கிதிர் முகம்மது.

அர்த்தம் அவள் கண்ணுக்கு முன்னால் அவனுடைய கையெழுத்தில் இருந்தது. அதை வாசித்தாள். பிறகு அடுத்ததைக் கேட்டாள்.

தையில் மதராஸ் போய்த் தேர்வு எழுதினான். ஏறக்குறைய எல்லாச் சொற்களும் தெரிந்தவை. நேரம் முடியுமுன்பே எழுதி முடித்து, ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷமும் வரவில்லை, பயமும் வரவில்லை.

திரும்பி வந்த அன்று மாலை இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தேர்வு முடிந்ததால் கேட்கச் சொல் ஏதும் இல்லை. மறுநாள் ஹைருன் நோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இனி நீங்க கேளுங்க. நான் சொல்லுதேன்."

அவன் கேட்டான். அவள் சொன்னாள். பக்கம் பக்கமாக ஒன்றும் தப்பவில்லை. அவள் மனப்பாடம் செய்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சொல் வந்ததும் அவன் தாண்டப் பார்த்தான்.

"அதையும் கேளுங்க," என்றாள்.

"லோகுவேஷியஸ்."

"வாயாடி. நம்ம அலிமா."

ஏழு மாதத்தில் அந்தப் பெயர் அப்போதுதான் அந்த வீட்டில் சொல்லப்பட்டது. இருவரும் அழவில்லை. அவன், பிள்ளை ரயில் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடிவருவதைச் சொன்னான். சாயங்காலம் நாலு மணிக்கே ரயில் வந்துட்டா என்று கேட்க ஆரம்பித்துவிடுவாள் என்று அவள் சொன்னாள். அதோடு நின்றது. மறுநாள் இன்னும் கொஞ்சம் பேசினார்கள்.

சித்திரையில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அவளும் வருவதாகச் சொன்னாள். புறப்படுமுன் பிள்ளையின் கபரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அங்கே பெண்கள் போகும் வழக்கமில்லை. ஆனியில் ஒரு நாள், பிற்பகல் அசர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்ததும் அவன் அவளைக் கூட்டிப்போய், அடக்கஸ்தலத்தின் கேட்டருகே நிறுத்தி, சுவரோரம் புல் மூடிய சின்ன மேட்டைக் காட்டினான். லேசாகச் சாரல் விழுந்தது.

"அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் உள்ளதா?"

"ஆமா."

அவள் முக்காட்டைச் சரிசெய்தபடி நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "சரி, போவோம்," என்றாள்.