இடது பக்கம் திரும்பாத படகு

வீடியோ கேம் விஷயத்தில் எனக்கு ஒரே கொள்கைதான்: ஈஸி மோட். காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணாடிக் கடையில் நின்று, "இந்த ஃப்ரேம்ல என் மூஞ்சி குண்டாத் தெரியுதா?" என்று கேட்பவர்களிடம் உண்மையும் சொல்லாமல் பொய்யும் சொல்லாமல் சமாளித்துவிட்டு வருகிறவன் நான். வீட்டுக்கு வந்து ஒரு ராட்சசனிடம் திரும்பத் திரும்ப அடிவாங்க எனக்கென்ன தலையெழுத்தா? அடுப்பில் பால் பொங்கினால் அப்படியே நிறுத்திவிட்டுப் போய் அணைத்துவிட்டு வர முடிகிற கேம்தான் நல்ல கேம். மற்றதெல்லாம் சம்பளம் இல்லாத வேலை.

லேப்டாப்பும் அப்படித்தான். கடையில் இருப்பதிலேயே மலிவானதை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த மலிவானதை வாங்க வேண்டும். அதற்கு மேலே போனால் வெறும் ஜம்பம். என்னுடையது கொஞ்சம் பெரிய கேமைத் திறந்தாலே மிக்ஸி மாதிரி இரையும், மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். ஆனாலும் யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. "குடுத்த காசுக்கு இது தங்கம்" என்று மல்லுக்கு நிற்பேன்.

கிட்டாரைப் பற்றியும் கருத்து வைத்திருக்கிறேன். ஒரு பாட்டுக்கு மூன்று கார்டு போதும். கார்டு என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இடது கையின் இரண்டு மூன்று விரல்கள் ஆளுக்கொரு கம்பியை ஒரே சமயத்தில் அழுத்த, வலது கை மீட்ட வேண்டும், அவ்வளவுதான். மூன்றுக்கு மேல் போனால் அது பாட்டே இல்லை, விரல் சர்க்கஸ். இதை அக்காவிடம் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. அக்கா மேடையில் கிட்டார் வாசித்துச் சம்பாதிக்கிறவள்.

வாசித்துக்கொண்டிருந்தவள் என்று சொல்ல வேண்டும். ஒரு மழை நாளில், மேடைப் படியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டைப் பிரித்தபோது விரல்கள் மரக்கட்டையாக இருந்தன. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற பெண்மணி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "தனித்தனியா எல்லா விரலும் நல்லா வந்துடுச்சு. மோதிர விரல் மத்ததோட சேர்ந்து வேலை செய்யத்தான் நாளாகும். விடாமப் பண்ணுங்க" என்றார். பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போய் அங்கேயே தங்கிவிட்டது. கிட்டார் உறையோடு பீரோவுக்குப் பின்னால் போனது.

"எடுத்துத்தான் பாரேன்" என்று நான் சொல்லாத நாளில்லை.

"கெட்டுப்போன சத்தத்தை என் காதால கேக்க மாட்டேன்டா" என்பாள்.

ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "கிட்டாரை வித்துடப் போறேன். ஞாயித்துக்கிழமை காலைல ஒருத்தர் வந்து எடுத்துக்கறார்."

அவள் வாசிப்பைக் கேலி செய்வேனே தவிர, பக்கத்து அறையில் அது கேட்காமல் நான் வளர்ந்ததே இல்லை. அது இல்லாத இந்த வீடு எனக்கு வேண்டாம். அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பேரும் அழுவோம், ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் வேறு வழி பார்த்தேன்.

என் லேப்டாப்பில் ஒரு படகு கேம் இருக்கிறது. தீவு தீவாகப் போய்ப் பார்சல் கொடுக்க வேண்டும், சண்டை கிடையாது. கீபோர்டில் முன்னால் போக டபிள்யூ, பாய்மரக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஈ, இடது பக்கம் திரும்ப ஏ. நடு விரல், ஆள்காட்டி விரல், மோதிர விரல், மூன்றும் இடது கைதான். பந்தை அமுக்க மாட்டாள். ஆனால் என்னிடம் தோற்க மாட்டாள்.

"நான் இதை எப்பவோ முடிச்சுட்டேன். உனக்கு வராதுக்கா, விட்டுடு" என்றேன்.

"கொண்டா இங்க" என்றாள்.

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது ஐந்தாவது தீவில் இருந்தாள். நடுநடுவே கேமின் பின்னணி இசையைத் திட்டினாள். "இந்தக் கிட்டார்ல ரெண்டாவது கம்பி சுருதி இறங்கிக் கிடக்கு. ஒருத்தனுக்குமா காது இல்ல?" அவள் திட்டுவதைக் கேட்டே வெகு நாளாகியிருந்ததால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுந்து வந்தபோது கேமில் ஒரு பாறைக் கால்வாய்க்கு வந்திருந்தாள். அங்கே எதிர்க்காற்று. கயிற்றையும் விடக்கூடாது, வேகத்தையும் விடக்கூடாது, அப்படியே இடது பக்கம் திரும்ப வேண்டும். படகு நேராகப் போய்ப் பாறையில் மோதியது. மறுபடி ஓட்டினாள். மறுபடி மோதியது.

"நல்லா அழுத்தி அமுக்குக்கா."

"அமுக்கிட்டுத்தாண்டா இருக்கேன்!"

இன்னும் சில தடவை மோதிய பிறகு கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா? தனியா வருது, சேர்ந்து வரல. அந்தம்மா சொன்னது சரிதான். மூணு பட்டனையே சேர்த்து அமுக்க முடியல, கார்டா பிடிக்கப் போறேன்? அந்த ஆள் வந்து எடுத்துட்டுப் போகட்டும்." கண்ணீர் கீபோர்டில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உதவி செய்யப் போய் அவளுடைய கடைசி நம்பிக்கையையும் நானே பிடுங்கிவிட்டேன். ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டுமே என்ற பதற்றத்தில் வாய் தவறியது. "அந்த இடம் எனக்கும் வரலக்கா. கேமையே மட்டமாப் பண்ணியிருக்கான்."

அக்கா நிமிர்ந்தாள். "முடிச்சுட்டேன்னு சொன்னே?"

"முடிச்சேன். அதாவது... மிச்சத்தை வீடியோல பாத்தேன்."

"ஈஸி மோட்லயுமா வரல?"

"ஈஸி மோட்லதான் வரல." அசடு வழிய நின்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப உன் மோதிர விரலுக்கு என்னடா கேடு?"

சொல்லிவிட்டு அவளே குனிந்து கீபோர்டைப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் விரல்களை வைத்தாள். இந்த முறை திரையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் அமுக்கியதை விடாமலே ஒவ்வொன்றாக அமுக்கினாள்.

"மூணு கீயோட சத்தமும் வருது" என்றாள். "ஒண்ணு மெல்லிசா இருக்கு. ஆனா மூணு."

நான் கேமை மூடிவிட்டு, எழுதுகிற வெற்றுப் பக்கத்தைத் திறந்தேன். அக்கா மூன்றையும் அமுக்கினாள். டபிள்யூ வந்தது, ஈ வந்தது. ஏ வரவே இல்லை. நான் என் முரட்டு வலது கையால் குத்திப் பார்த்தேன். அதே இரண்டுதான். போனில் தேடினால் பக்கம் பக்கமாக அழுதிருந்தார்கள்: மலிவான கீபோர்டில் குறிப்பிட்ட மூன்று கீகளைச் சேர்த்து அமுக்கினால் மூன்றாவதை அது கண்டுகொள்ளாதாம்.

"குடுத்த காசுக்குத் தங்கம்" என்றாள் அக்கா.

என் லேப்டாப் மட்டம் என்று தெரிந்து நான் துள்ளிக் குதிப்பேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். "இரு, கடையில பழைய கீபோர்டு ஒண்ணு சும்மா கிடக்கு. படகு எப்படித் திரும்பாமப் போகுதுன்னு பாத்துடலாம்!" என்று சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு, எனக்குத்தான் லீவு. பில் போடுகிற மேஜைக்கு அடியில் குனிந்து, எழுத்தெல்லாம் தேய்ந்த கீபோர்டை உருவினேன். "லீவு நாள்ல எதுக்குய்யா இது?" என்றார் முதலாளி. "அக்கா இடது பக்கம் திரும்பணும் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் ஒருவர் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். கையில் போன், வாயில் எங்கள் வீட்டு எண். கிட்டார் வாங்க வந்தவர். அவரைப் பேச்சுக் கொடுத்து நிறுத்தலாமா என்று யோசிக்கும்போதே மேலேயிருந்து சத்தம் வந்தது.

கிட்டார். ஒரே ஒரு கார்டு. நான்கு கம்பி பாடியது, ஒன்று மட்டும் தொப்பென்று விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி அதே கார்டு, அதே தொப். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் 'தொப்' சத்தத்தைத்தான் அவள் இத்தனை நாளாகக் கேட்க மாட்டேன் என்றிருந்தாள். நிறுத்தவில்லை. மறுபடி மீட்டினாள்.

வந்தவர் காதைத் தீட்டிக்கொண்டார். "இதுதானா விக்கிற கிட்டார்? அஞ்சாவது கம்பி அடைக்குதே. விலையில கொஞ்சம் குறைக்கணும் தம்பி."

கதவு திறந்தே இருந்தது. அக்கா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தூசி படிந்த உறை. அவர் சொன்னது அவளுக்குக் கேட்டுவிட்டது.

"அது கம்பி இல்லீங்க, என் விரல்" என்றாள். "இப்பதான் வந்துட்டிருக்கு. அலைய வெச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. நான் விக்கல."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் போகாமல் வாசலிலேயே நின்றார். அக்கா விரல்களை ஒவ்வொன்றாக வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள், மீட்டினாள். ஐந்தாவது கம்பி நூல் மாதிரி மெல்லிசாக, ஆனால் ஒலித்தது. "ஆங், வந்துடுச்சு" என்றார் அந்த மனிதர், தன்னையறியாமல்.

நான் கீபோர்டை அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"மூணு கார்டு போதும்னு சொல்லுவியே? ஒண்ணு வந்தாச்சு" என்றாள். "இன்னும் ரெண்டுதான்."