ஏழாவது ஏவுகணை

நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மூன்றாம் லயத்தின் கூரைக்குப் பன்னிரண்டு அடி மேலே ஓர் ஏவுகணை வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அது வெடிக்கவில்லை, விழவுமில்லை. மூக்கைக் கீழே சாய்த்தபடி அந்தரத்தில் அப்படியே நின்றது. நேர் கீழே இருந்தது கொழுந்து பறிக்கும் சுபாஜினியின் வீடு. அவளும் கணவன் விஜேந்திரனும் இரண்டு பிள்ளைகளையும் பண்டாரவளையில் அக்கா வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். காலி செய்தால் வீடு வேறொருவருக்குப் போய்விடும்.

தோட்டத்துத் துரை கடிதம் எழுதினார். ஆயுதச் சோதனைப் பிரிவிலிருந்து பதில் வந்தது: ஏவப்பட்டவை ஏழு, இலக்கைத் தாக்கியவை ஏழு, பாராளுமன்றத்துக்கும் அவ்வாறே அறிவித்தாயிற்று, ஆகவே தங்கள் கூரைக்கு மேல் எதுவும் இல்லை. பார்வையிட வந்த இரண்டு அதிகாரிகள் வெயிலுக்கு அதன் நிழலில் ஒதுங்கி நின்று, எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, சுபாஜினி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரிவு பாராளுமன்றத்தில் அதே அறிக்கையை வைத்தது. வைத்த அன்றே ஏவுகணை ஓர் அடி இறங்கியது. ரேடியோச் செய்தியையும் கூரையையும் சேர்த்துக் கவனித்து இதைக் கண்டுபிடித்தவள் சுபாஜினி. இரண்டே முக்கால் வருடத்தில் பதினோரு அறிக்கைகள் போயின.

பாராளுமன்ற மேற்பார்வைக் குழுவில் ஆய்வு அலுவலராக இருந்த ஸவாஹிரா பதுளைப் பெண். இலக்குத் திடலுக்கே போய்ப் பள்ளங்களை எண்ணியவள் அவள் ஒருத்திதான். ஆறு இருந்தன. ஏழாவதைத் தேடி அவள் மலையேறி வந்தபோது, தகரக் கூரைக்கும் ஏவுகணைக்கும் இடையே ஓர் அடிதான் மிச்சம்.

“நீங்களும் டீயைக் குடிச்சிட்டு, இல்லைன்னு எழுதிட்டுப் போயிருவீங்களா மிஸ்?” என்று சுபாஜினி கேட்டாள்.

“இருக்குன்னுதான் எழுதுவேன். ஆனா நான் எழுதினா மட்டும் காணாது. நீங்க வந்து சொல்லணும்.”

இருவரும் தெமோதரையில் ரயில் ஏறினார்கள். குழுவின் முன்னால் சோதனைப் பிரிவின் பணிப்பாளர் கோப்பைத் திறந்து, “ஏவப்பட்டவை ஏழு, இலக்கைத் தாக்கியவை…” என்று வாசிக்கத் தொடங்கும்போது சுபாஜினியின் போன் அடித்தது. எடுத்ததும் விஜேந்திரனின் குரல் அறை முழுவதும் கேட்டது.

“தகரத்துல முட்டிருச்சு சுபா! கூரை நெளியுது!”

சுபாஜினி எழுந்து நின்றாள்.

“ஐயா, அந்த வாக்கியத்த முடிச்சிராதீங்க. எங்க வீட்டுக்காரரு கீழ நிக்கிறாரு.”

தகரம் கிறீச்சிடுவது போனில் கேட்டது. உறுப்பினர்கள் பணிப்பாளரைப் பார்த்தார்கள். அவர் கோப்பைப் பார்த்தார், போனைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு முப்பது வருடச் சேவையில் முதல்தடவையாக, கோப்பை மூடி வைத்துவிட்டுப் பேசினார்.

“ஆறு. ஏழாவது இன்னும் போய்ச் சேரவில்லை.”

“ஏறுது சுபா,” என்றான் விஜேந்திரன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

நாற்பது அடி உயரத்தில் போய் அது நின்றது. அகற்ற வழியில்லை. பாராளுமன்றப் பதிவில் அது ‘பயணத்தில் உள்ளது’. பயணத்தில் உள்ளதைத் தடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. சுபாஜினி மறுவாரமே பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து வந்தாள். இப்போதும் பாராளுமன்றம் கூடும் வாரங்களில் அது இரண்டு மூன்று அங்குலம் இறங்குவதுண்டு. சுபாஜினி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, “இன்னைக்குச் சின்னப் பொய்தான்” என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு ரொட்டி சுடப் போவாள்.