மிச்சமான வாஷர்

போன மாதம் அக்காவின் வண்டியில் கியர் பெட்டியைப் பிரித்து மாட்டி முடித்தபோது, மேசை மேல் ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு. எங்கே போகவேண்டியது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பேசாமல் பர்ஸில் போட்டுக்கொண்டேன். இருபது வருட மெக்கானிக் ஆயிற்றே, வெளியே சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

அக்கா மாட்டு டாக்டர். பாதையே இல்லாத மேட்டுப் பண்ணைகளுக்கெல்லாம் அந்த நாலு சக்கர மலை வண்டியில்தான் போவாள். நாங்கள் அதை எருமை என்போம்.

இன்று மதியம் எருமையைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். பின்னால் தொற்றிக்கொண்டு மாமா, அக்காவின் வீட்டுக்காரர். தையல்காரர், தையல் மெஷினைப் பிரித்து எண்ணெய் போட வேண்டுமென்றால் அவருக்கு என் மேசைதான் கதி.

“தம்பி, கியர் மாத்தறப்பல்லாம் டங்கு டங்குன்னு இடிக்குதுடா. நேத்து பாறை விளிம்புல முதல் கியர் போட்டேன், தானா ஒரு முழம் பாஞ்சிடுச்சு. இன்னொரு முழம் போயிருந்தா நீ என்னை அள்ளித்தான் எடுத்திருக்கணும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. மாமா கை கழுவப் போன நேரம் பார்த்து, பர்ஸைத் திறந்து வாஷரை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

“கியர் பெட்டியில மிச்சமானது, அக்கா. எவ்வளவு வேணா திட்டு. ஆனா வண்டியை இங்கயே விட்டுட்டுப் போ.”

“ஒரு மாசமா வெச்சிருந்தியா?”

“ஆமா.”

“நான் தினமும் அந்த மேட்டுல ஏறிட்டிருந்தேனேடா.”

கையை மூடிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

பெட்டியைத் திறக்குமுன் எண்ணெயை வடிக்க வேண்டும். அதற்கு என்ஜின் சூடாக வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டேன். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை, பின்சக்கரம் கடகடவென்று சுற்றியது. எருமைக்கு கிளட்ச் பிடி கிடையாது. என்ஜின் மெதுவாக ஓடும்போது கிளட்ச் தானாக விட்டுவிட வேண்டும். சும்மா நிற்கும்போதே என்ஜின் வேகமாக ஓடினால் எங்கே விடும்? கியர் இடிக்கத்தான் செய்யும்.

குனிந்து, அந்த வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐட்லிங் திருகைப் பார்த்தேன். நான் சரிசெய்யும் திருகின் மேலெல்லாம் ஒரு சொட்டு சிவப்பு நகப்பூச்சு வைப்பது என் வழக்கம். சின்ன வயதில் அக்காவிடம் திருடிப் பழகியது. அந்தச் சொட்டு விரிசல் விட்டிருந்தது. திருகு இரண்டு சுற்று உள்ளே போயிருந்தது.

“எவன்டா இதுல கை வெச்சது?” என்று கத்தினேன்.

ஈரக் கையோடு வந்த மாமா கழுத்திலிருந்த அளவு நாடாவைத் தடவினார். “குளிர்ல அணைஞ்சு அணைஞ்சு போகுது மாப்பிள்ளை. அவ மேட்டுல தனியா மாட்டிக்கக் கூடாதேன்னு நான்தான் கொஞ்சம் திருகினேன். தினமும் கொஞ்சம். ஒரு வாரமா.”

திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

“அப்போ இது?” என்று அக்கா கையை விரித்தாள்.

மாமா பாய்ந்து வந்தார். “அடப்பாவிங்களா, இது என் மெஷினோடது! பாரு, ஓரத்துல நான் அரத்தால ராவின குறி. ஒரு மாசமா அட்டையை வெட்டி வெச்சு ஓட்டிட்டிருக்கேன்!”

அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வரட்டும் என்று விட்டேன். நான் எதையும் விட்டுவிடவில்லை. அக்கா நன்றாக இருக்கிறாள்.

மாமா கையை நீட்டினார். அக்கா வாஷரை மருந்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

“அட்டையை வெச்சே தைங்க. ஒருத்தர் ஒரு வாரம், ஒருத்தன் ஒரு மாசம். என்னைக்கு நீங்க ரெண்டு பேரும் அப்பப்பவே வாயைத் திறக்கறீங்களோ அன்னைக்குத் தர்றேன்.”

எருமையில் ஏறிக் கிளம்பினாள். நான் கையைத் துடைத்தேன். விரலிடுக்கில் சின்னதாக ஒரு கறுப்பு மூடி. சற்றுமுன் எருமையின் டயரில் காற்றுப் பார்க்கக் கழற்றியது. கை அதுபாட்டுக்கு சட்டைப் பைக்குப் போனது.

“அக்கா, நில்லு! டயர் மூடியைப் போடலை!”

வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். மருந்துப் பைக்குள் கையை விட்டு, வாஷரை எடுத்து மாமாவிடம் வீசினாள்.